விழாத இறக்கையும் விழுந்த விமானமும்

விக்ரோலியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடியில் நின்று தெற்கே நோக்கினால், காட்கோபர் பக்கமாக இறங்கும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். சென்ற வாரம் அங்கு வந்த நண்பர் ஒருவர், "இக்காலத்து விமானத்தைக் கணினி ஸ்டால் ஆகவிடாதாமே! பிறகென்ன அச்சம்?" என்றார். அவர் கூற்றில் பாதி உண்மை. மறுபாதிக்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்டால் என்றதும் இயந்திரம் நின்றுபோவதாகப் பலர் எண்ணுவர். அதுவன்று. எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சற்றுச் சாய்ந்திருப்பதால் தூக்குவிசை பிறக்கிறது. சாய்வு கூடக்கூட விசையும் கூடும். ஆனால் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து சுழலும், தூக்குவிசை குன்றிவிடும். வேகம் இழந்த விமானம் உயரத்தைக் காக்க மூக்கைத் தூக்கித் தூக்கியே இதில் சிக்குகிறது.

1988-இல் பணிக்கு வந்த ஏர்பஸ் ஏ-320 இதற்கொரு காவல் வைத்தது. மூக்கருகே உள்ள சிறு தகடுகள் காற்றின் கோணத்தை அளந்து சொல்லும். விமானி கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும், கணினி எல்லைக் கோணத்தை மீறவிடாது. கோணம் மிகுந்தால் இயந்திரங்களுக்கு முழுவிசை தரவும் தானே ஆணையிடும்.

1990 பிப்ரவரி 14. அன்றைய பம்பாயிலிருந்து பெங்களூர் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் 605 இவ்வகை விமானமே. பகல் 1 மணி, தெளிந்த வானம். இறங்குகையில் இயந்திரங்கள் மிகக் குறைந்த விசையிலேயே ஓடிக்கொண்டிருந்தன. வேகம் குறைந்துகொண்டே வந்தது. விமானிகள் நிலையை உணர்ந்தபோது நிலம் நெருங்கிவிட்டது. கைப்பிடி முழுவதும் பின்னுக்கு இழுக்கப்பட்டது. கணினி தன் கடமையைச் செய்தது. இறக்கை ஸ்டால் ஆகவில்லை. முழுவிசைக்கான ஆணையும் பிறந்தது. ஆனால் தணிந்து சுழலும் ஜெட் இயந்திரம் முழுவிசையை எட்டச் சில விநாடிகள் வேண்டுமே! அவைதாம் கிட்டவில்லை. ஓடுபாதைக்கு முன்னிருந்த கோல்ப் மைதானத்தில் மோதி விமானம் எரிந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர்.

கணினி காத்தது கோணத்தை மட்டுமே. இழந்த வேகத்தை இயந்திரந்தான் மீட்க வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். காலம் வேண்டுமாயின் உயரம் வேண்டும். (நம் ஆய்வுக்கூடத்து மின் உலையை முடுக்கிவிட்டுக் காத்திருப்போர்க்கு இது புதிதன்று.)

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இறங்கும் விமானம் ஏன் இப்படி இரைகிறது?" என்றார். தரை நெருங்கும்போது இயந்திரங்களை அடியோடு தணித்துவிடாமல், ஓரளவு விசையோடு சுழலவிடுவதே இப்போதைய முறை. தேவைப்பட்டால் விரைந்து முழுவிசை கிடைக்கும். எங்கள் மாடியில் எல்லோரும் சலித்துக்கொள்ளும் இரைச்சலில் அதுவும் ஒரு பங்கு.