ஏரிக்கரையில் வெடித்த சூது

கண்டி வாவிக்கரையில் மாலைதோறும் உலாவும் நாம், வேறோர் ஏரிக்கரையில் நிகழ்ந்ததையும் அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவின் தாகோ ஏரிக்கரையிலுள்ள ஹார்வீஸ் சூதாட்ட மாளிகையில் பெரும்பொருளைத் தோற்றவன் ஜோன் பேர்ஜஸ். 1980 ஆகஸ்ட் 26 அதிகாலையில், ஏறத்தாழ 1000 இறாத்தல் வெடிமருந்து நிறைந்த பெட்டியொன்றை, நகலெடுக்கும் இயந்திரமென்று சொல்லி அங்கே வைப்பித்தான். 30 இலட்சம் டொலர் கேட்டது அவன் கடிதம்.

பணம் கைமாறவில்லை. மறுநாள் நிபுணர்கள் குண்டைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது அது வெடித்துக் கட்டடத்தைச் சிதைத்தது. முன்னரே யாவரும் வெளியேற்றப்பட்டமையால் உயிர்ச்சேதமில்லை.

வெடிமருந்தைத் திருட அவன் துணைக்கழைத்தது தன் மைந்தர் இருவரையே. நீதிமன்றில் அவனுக்கெதிராகச் சாட்சியம் அளித்தவர்களும் அவர்களே. ஆயுள் தண்டனை பெற்றவன் 1996இல் சிறையிலேயே மாண்டான்.

தம்பியரைப் பணயம் வைத்து இழந்தான் தருமன். பெற்ற பிள்ளைகளையே இழந்தான் இவன்.