கணினிக்குள் கணினி – 14: ஒரே கிணறு, பல குடித்தனம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “ஒரு சர்வரைப் பல விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரிக்கலாம் என்று போன வாரம் எழுதினீர்கள். கன்டெய்னரும் அதைத்தானே செய்கிறது? பிறகு ஏன் விர்ச்சுவல் மெஷினைப் போட்டு அதற்குள் கன்டெய்னரை ஓட்டுகிறார்கள்? இரட்டை வேலை இல்லையா?”

வேலைக்குப் போய் நாலைந்து வருடமானவர்களே வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி.

அவர் ஊரிலேயே, திருவண்ணாமலை–செஞ்சி சாலையோரம் ஒருவருக்குப் பெரிய மனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை நான்காகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி போர், தனி ஈ.பி. மீட்டர், தனி வாசல் வைத்து வாடகைக்கு விட்டால் அது விர்ச்சுவல் மெஷின். வரிசையாகப் பத்து அறை கட்டி நடுவில் ஒரே கிணறு விட்டால் ஒண்டுக்குடித்தனம், கன்டெய்னர் அதுதான். கிணறு என்பது இங்கே இயங்குதளத்தின் கெர்னல். பத்துப் பேருக்குப் பத்து போர் போடும் செலவு மிச்சம். புதிதாக ஒருவர் வந்தால் கதவைத் திறந்துவிட்டால் போதும். விர்ச்சுவல் மெஷின் எழுந்து உட்காரும் நேரத்தில் பல கன்டெய்னர்கள் வேலையைத் தொடங்கிவிடும்.

உண்மையில் லினக்ஸ் கெர்னலுக்குள் கன்டெய்னர் என்று ஒரு பொருளே கிடையாது. இருப்பது சாதாரண புரோகிராம்தான். அடுத்தவர் கண்ணில் படாமல் மறைக்க நேம்ஸ்பேஸ், எவ்வளவு மெமரி, எவ்வளவு சி.பி.யு. என்று அளந்து கொடுக்க சி-குரூப். இரண்டும் சேர்ந்தால் கன்டெய்னர். சி-குரூப்பைத் தொடங்கியவர்கள் கூகுள் பொறியாளர்கள்; 2008 ஜனவரியில் அது கெர்னலில் சேர்ந்தது. மெமரியை அளக்கும் பகுதியில் பல்பீர் சிங்கும், சி.பி.யு.வைப் பங்கிடும் பகுதியில் ஸ்ரீவத்ச வட்டகிரியும் உழைத்தார்கள். இருவரும் அப்போது இந்தியாவில் ஐ.பி.எம்.மின் லினக்ஸ் பிரிவில் இருந்தவர்கள். 2013-ல் வந்த டாக்கர் செய்தது, இதையெல்லாம் யாரும் பயன்படுத்தும்படி பொட்டலம் கட்டிக் கொடுத்தது. புகழ் முழுவதும் டாக்கருக்குப் போய்விட்டது என்பது வேறு கதை.

சரி, கிணற்றில் ஒருவர் எதையாவது கலந்துவிட்டால்? 2019 பிப்ரவரியில், கன்டெய்னர்களை ஓட்டும் ரன்-சி என்ற அடிப்படைக் கருவியில் ஒரு ஓட்டை வெளியானது. கெட்ட எண்ணத்தோடு செய்த ஒரு கன்டெய்னர், அதை ஓட்டும் சர்வரையே முழு அதிகாரத்தோடு கைப்பற்றிவிட முடிந்தது. முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களை அக்கம்பக்கத்தில் குடிவைக்கும் கிளவுட் நிறுவனங்கள் இந்த அபாயத்தை முன்பே கணக்கில் வைத்திருந்தன. அமேசான் 2018-ல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் உருவாக்குவது, 125 மில்லி நொடியில் எழுந்து, தனக்கென்று 5 எம்.பி.க்கும் குறைவான மெமரியே எடுக்கும் குட்டி விர்ச்சுவல் மெஷின். ஒண்டுக்குடித்தனத்தின் சிக்கனம், தனி வீட்டின் பத்திரம்.

பாதுகாப்பு பாதிக் காரணம்தான். மீதிக்கு, பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவைப் பார்க்கலாம். பங்கு வாங்கியவருக்கும் விற்றவருக்கும், அந்த வியாபாரத்தின் கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட் 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்து போனில் பத்துப் பங்கு வாங்கியவருக்கும் அது வரும். டிஜிட்டல் கையெழுத்திட்ட பி.டி.எஃப்., ஒரு நாளைக்கு 15 லட்சத்துக்கு மேல். பழைய முறையில் ஏழெட்டு மணி நேரம் பிடித்த வேலை 25 நிமிடமானது என்று அவர்களுடைய தொழில்நுட்பக் குழு 2024-ல் விவரமாக எழுதியது. வேலை வந்ததும் அமேசானில் பெரிய விர்ச்சுவல் மெஷின்களை எழுப்புகிறார்கள்; நோமட் என்ற மேலாளர் வேலையை அவற்றில் பங்கிடுகிறது; முடிந்ததும் மெஷின்களையே கலைத்துவிடுகிறார்கள். ஓடிய நேரத்துக்கு மட்டும் வாடகை. ஆள்பலத்தைக் கொண்டுவருவது விர்ச்சுவல் மெஷின். ஒரே புரோகிராமை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடவைப்பது கன்டெய்னர். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. புதிய முறையில் பி.டி.எஃப். தயாரிக்க முதலில் லேடெக் என்ற அச்சுக்கோர்ப்புக் கருவியைப் பயன்படுத்தியபோது கன்டெய்னர் பொட்டலம் ஊதிப் பெருத்துவிட்டது; கிளம்பவே நேரமானது. டைப்ஸ்ட் என்ற சிறிய கருவிக்கு மாறினார்கள். 2,000 பக்கம் தாண்டிய ஒரு நோட், லேடெக்கில் 18 நிமிடம். டைப்ஸ்டில் ஒரு நிமிடம்.

மாணவருக்கு நான் சொல்ல விரும்புவது, ஜெரோதா செய்கிறது என்பதற்காக எல்லோரும் செய்ய வேண்டியதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சர்வர், மூன்று செயலி என்றால், நோமட் போலப் பல மெஷின்களில் கன்டெய்னர்களைப் பங்கிடும் குபர்னெட்டிஸ் வீண் ஆடம்பரம். பிராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரை (விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கி நடத்தும் மென்பொருள்) போட்டு, ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் எழுப்பி, அதற்குள் டாக்கர் ஓட்டினால் போதும். பிராக்ஸ்மாக்ஸின் கையேடே டாக்கரை விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்டும்படிதான் பல காலமாகப் பரிந்துரைத்தது. 2023 நவம்பரில் விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் நிறுவனமான வி.எம்.வேரை பிராட்காம் வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியதிலிருந்து பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் திரும்பியவர்கள் அதிகம்.

இரட்டை அடுக்கில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 64 ஜி.பி. மெமரி உள்ள சர்வரில், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் விர்ச்சுவல் மெஷின்களுக்கு மொத்தம் 96 ஜி.பி. வாக்குக் கொடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் குபர்னெட்டிஸ் அந்த வாக்கை அப்படியே நம்பிக் கன்டெய்னர்களை அடுக்கும். ஒருநாள் எல்லோரும் சேர்ந்து கேட்கும்போது எந்த அடுக்கில் கோளாறு என்று தேடவே பாதி நாள் போய்விடும். ஆகவே கன்டெய்னர் ஓடும் மெஷின்களுக்கு மட்டுமாவது இருக்கிற மெமரியை உறுதியாக ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, ஒன்று விழுந்தாலும் இரண்டு நிற்கும் என்று குபர்னெட்டிஸுக்கு மூன்று நோடு (கன்டெய்னர் ஓடும் மெஷின்) போடுவார்கள். மூன்றும் விர்ச்சுவல் மெஷின்கள். ஹைப்பர்வைசர் மூன்றையும் ஒரே சர்வரில் கொண்டுபோய் வைத்திருக்கும். குபர்னெட்டிஸுக்கு அது தெரியாது. அந்த சர்வருக்கு மின்சாரம் போனால் மூன்றும் சேர்ந்தே போகும். இவை தனித்தனி சர்வரில்தான் இருக்க வேண்டும் என்று ஹைப்பர்வைசரில் ஒரு விதி எழுதி வைக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் மூன்றின் ஹார்டு டிஸ்க்கும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தால்? அது அடுத்த வாரம்.

(தொடரும்)