கல்லுக்கு அடியில் ஒரு கணக்கெடுப்பு

மேஃப்ளை என்ற பூச்சி சிறகு முளைத்த பிறகு எதையும் தின்பதில்லை. தின்பதற்கான வாயே அப்போது அதற்குச் செயல்படாது. சில மணி நேரமோ சில நாட்களோ பறந்து, இணை சேர்ந்து, தண்ணீரில் முட்டையிட்டு மடிந்துவிடும். ஆனால் அதற்கு முந்தைய நீர்வாழ்க்கை நீளமானது. இங்கிலாந்து ஆறுகளின் பெரிய மேஃப்ளை ஒன்று, இளம்பருவத்தில் இரண்டு ஆண்டுகள் வரைகூட ஆற்றடி வண்டலில் புதைந்து வாழ்கிறது. உடலின் இருபுறமும் உள்ள செவுள்களால் நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. நீர் கெட்டால் மீன் விலகி ஓடப் பார்க்கும். இது எங்கே போகும்?

அங்கே ஆறுகளைக் காக்க முன்வந்த தன்னார்வலர்கள் இந்தப் பூச்சியைத்தான் எண்ணுகிறார்கள். கூடவே ஆற்றடியில் இதற்கு அண்டை அயலாக இருப்பவற்றையும். தூண்டில் மீன்பிடிப்பவர்கள், பூச்சியியல் அறிஞர்கள், இயற்கை அமைப்புகள் எல்லாம் இணைந்து 2004இல் ‘ரிவர்ஃப்ளை பார்ட்னர்ஷிப்’ என்ற கூட்டமைப்பு உருவானது. ஒருநாள் பயிற்சி பெற்ற எவரும் செய்யக்கூடிய கண்காணிப்பு முறையை அது 2007இல் தொடங்கியது. இம்முறையில் எட்டே எட்டு வகை உயிர்களை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்: மேஃப்ளைக் கூட்டத்தில் நான்கு வகை, கேடிஸ்ஃப்ளையில் இரண்டு, ஸ்டோன்ஃப்ளை ஒன்று, வளைந்த முதுகுள்ள நன்னீர்ச் சிற்றிறால் ஒன்று. மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று வால், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு. கேடிஸ்ஃப்ளையின் புழுக்களில் பல, வாயிலிருந்து சுரக்கும் பட்டிழையால் மணலையும் குச்சிகளையும் ஒட்டித் தமக்கு ஒரு கூடு கட்டிக்கொள்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத கைவேலை அது.

மாதம் ஒருமுறை, அதே இடத்தில், தன்னார்வலர் முழங்கால் உயர பூட்ஸ் அணிந்து இறங்குகிறார். கைப்பிடி வலையை நீரோட்டம் பாயும் பக்கம் ஊன்றி, அதற்கு மேற்புறம் ஆற்றடிக் கற்களைக் காலால் கிளறுகிறார். கிளம்பி வரும் உயிர்களை நீரோட்டமே வலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இப்படி மூன்று நிமிடம். பிறகு ஒரு நிமிடம் பெரிய கற்களைக் கையால் புரட்டித் தேடல். எல்லாவற்றையும் வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுகிறார்கள். ஒரு வகையில் ஒன்பது வரை கிடைத்தால் 1 மதிப்பெண், பத்து முதல் 99 வரை 2, நூறை எட்டினால் 3, ஆயிரத்தை எட்டினால் 4. எண்ணி முடித்ததும் உயிர்கள் ஆற்றுக்கே திரும்புகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் மொத்த மதிப்பெண் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் எல்லை உண்டு. போனால் உடனே அரசின் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும்.

குப்பியில் நீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா? அந்தக் குப்பி, எடுத்த நொடியின் நீரை மட்டுமே சொல்லும். நேற்றிரவு வந்த விஷம் விடிவதற்குள் கடந்து போயிருக்கும். தெருவில் நடந்ததை வழிப்போக்கனைவிட அங்கே குடியிருப்பவன் அல்லவா அறிவான்!

2013 ஜூலையில் இது கண்கூடாகத் தெரிந்தது. தேம்ஸின் துணையாறான கென்னட்டில், மார்ல்பரோ ஊருக்கு அருகே வழக்கமான கணக்கெடுப்புக்கு இறங்கிய தன்னார்வலர்கள், பூச்சிகளும் சிற்றிறால்களும் மாண்டு கிடப்பதைக் கண்டார்கள். நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. மீன்களும் நீந்திக்கொண்டிருந்தன. முகமை தேடியபோது சிக்கியது குளோர்பைரிபாஸ். கரையானுக்கும் பயிர்ப் பூச்சிக்கும் நம் விவசாயிகள் அடித்த அதே மருந்து. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக அது ஆற்றில் கலந்திருந்தது. பூச்சிகளின் நரம்பைத் தாக்குவதற்கென்றே செய்யப்பட்ட நஞ்சு, மீனைக் கொல்லத் தேவையானதைவிட மிகக் குறைந்த அளவிலேயே அவற்றைக் கொன்றுவிடுகிறது. வெறும் இரண்டு தேக்கரண்டி அளவே போதுமாக இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அது அழித்ததோ சுமார் 15 கிலோமீட்டர் ஆற்றின் பூச்சி வாழ்வை. பறக்கும் பூச்சிகள் வேறிடங்களிலிருந்து வந்து மீண்டும் முட்டையிட முடியும். சிறகில்லாத சிற்றிறால் அப்படி வர வழியில்லை.

ஆற்றங்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது நல்ல வேலை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நஞ்சுக்கு எதிராக அது எதுவும் செய்யாது. மாதாமாதம் எழுதி வைத்த எண்கள் இருந்ததால்தான் கென்னட்டில் ‘இங்கே இவ்வளவு இருந்தன, இன்று இல்லை’ என்று சாதாரண மனிதர்கள் அரசிடம் ஆதாரத்தோடு பேச முடிந்தது. நம் ஆற்றுக் குழுக்களும் இந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டும். அதற்கு நம் பூச்சிகளுக்கேற்ற பட்டியல் ஒன்றைக் கல்லூரி விலங்கியல் துறைகள் செய்து தர வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இந்த மூன்று பூச்சிக் கூட்டங்களும் வாழ்கின்றன. அடுத்த முறை மலைப்பக்கம் போனால், ஆழமில்லாத ஓரத்தில் ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பாருங்கள். பார்த்த பிறகு, இருந்தபடியே வைத்துவிடுங்கள்.