உங்களுக்குத் தெரியுமா? துணிச்சலும் தொற்றிக்கொள்ளும்!

● அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனையைத் தொடங்கினார். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால், சோதனையில் பங்கேற்பவர் அவருக்கு ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை மொத்தம் 30 சுவிட்சுகள்.

● ஷாக் பொய், அலறல் நடிப்பு. சுவிட்சைத் தட்டியவர்களுக்கு அது தெரியாது. சாம்பல் நிறக் கோட் அணிந்த ஆய்வாளர் ‘தொடருங்கள்’ என்று சொல்லச் சொல்ல, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள்.

● இன்னொரு சுற்றில் பங்கேற்றவர் ஒவ்வொருவரோடும் கூட்டாளிகளாக இரண்டு பேரை உட்காரவைத்தார் மில்கிராம். அவர் சொல்லிவைத்தபடி 150 வோல்ட்டில் ஒருவர் மறுத்து எழுந்தார். 210-இல் மற்றவரும் எழுந்தார். இம்முறை கடைசிவரை போனவர்கள் 40-க்கு 4 பேர்தான்!

● மனசாட்சி எல்லோருக்கும் இருக்கிறது. பலருக்கும் தேவைப்படுவது ஒரு துணை. அலுவலகமோ, சங்கமோ, வகுப்பறையோ, ‘இது தப்பு’ என்று முதலில் வாய் திறப்பவர் பக்கத்தில் இருப்பவருக்கும் தைரியம் கொடுக்கிறார். அந்த முதல் ஆளாக நீங்களே இருங்கள்.