விடிய விடிய கூத்து... விடிந்த பிறகும் பேச்சு!

திருவிழா முடிந்த மறுநாள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பேச்செல்லாம் நேற்று ராத்திரி கூத்தைப் பற்றித்தான் இருக்கும். கர்ணன் வேஷக்காரருக்குக் குரல் எப்படி எடுத்தது, பொன்னுருவி எவ்வளவு நேரம் பிடிவாதம் பிடித்தாள், மிருதங்கக்காரர் எந்த இடத்தில் வெளுத்து வாங்கினார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நடுவில் ஒரு பெரியவர், ‘இதெல்லாம் என்ன கூத்து, நாங்க பார்த்தோமே...’ என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய ராத்திரி ஒன்று அங்கே மறுபடியும் களமிறங்கிவிடும்.

தென்பெண்ணை ஆறு, கரும்பு வயல், கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று அறியப்படுகிற ஊர் இது. 1993 வரை தென்னாற்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம். 2019 முதல் கள்ளக்குறிச்சி. மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும், இந்த வட்டாரத்தை விட்டுப் போகாத ஒன்று தெருக்கூத்து. பழைய தென்னாற்காடு, வடாற்காடு, செங்கல்பட்டுச் சீமைகள்தான் அதன் தாய்வீடு.

கதை ஒன்று, ராத்திரி வேறு

கூத்தை நாடகம் என்று மட்டும் நினைப்பவர்கள் உண்டு. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கோ அது முதலில் ஒரு பாட்டுக் கச்சேரி. ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், கைத்தாளம், முகவீணை ஆகியவை ஒரு பக்கம். வேஷக்காரர் பாடும் அடியை வாங்கித் திருப்பிப் பாடும் பின்பாட்டுக்காரர்கள் இன்னொரு பக்கம். கூத்து தொடங்கும் முன் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து முழங்கிக் களரி கட்டும். அந்தச் சத்தம்தான் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அழைப்பிதழ்.

முதலில் கட்டியங்காரன் வருவான். பிறகு இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் ராஜா வேஷம் வந்து நிற்கும். மரக்கிரீடம், புஜக்கட்டை, கண்ணாடிச் சில்லு பதித்த அணிகள் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். திரை விலகும் முன்பே குரல் கேட்டுவிடும். ‘வந்துட்டான்யா துரியோதனன்!’ என்று தூங்கின பிள்ளையைத் தட்டி எழுப்புவார்கள்.

கர்ண மோட்சம், அபிமன்யு சண்டை, அர்ச்சுனன் தபசு, திரௌபதி துகில் என எல்லாமே எல்லோருக்கும் தெரிந்த பாரதக் கதைகள். யார் ஜெயிப்பார், யார் சாவார் என்பது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். பிறகு எதற்காக வருஷா வருஷம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்?

பதில் எளிது. கதை ஒன்றுதான், ஆனால் நேற்றைய கூத்து இன்றைக்கு நடப்பதில்லை. பாட்டுக்குப் பாட்டு நடுவில் வரும் வசனம் அந்த நேரத்தில் வாயில் வருவது. உள்ளூர் வம்பையும் தண்ணீர்ப் பிரச்னையையும் கட்டியங்காரன் மகாபாரதத்துக்குள் இழுத்து வந்துவிடுவான். விடிய நேரம் இருந்தால் பாட்டு நீளும். கூட்டம் சொக்கிப் போய் உட்கார்ந்திருந்தால் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிச் சுழன்று சுழன்று ஆடுவார்கள். பின்பாட்டு ஒரு படி ஏற்றினால் வேஷக்காரர் இரண்டு படி ஏற்றுவார். அன்றைக்கு நிகழ்ந்தது அன்றைக்கு இருந்தவர்களுக்கு மட்டும்தான்.

அதனால்தான் நல்ல ஜமாவுக்கு ரசிகர்கள் உண்டு. இன்ன வேஷக்காரர் ஆடுகிறார் என்று தெரிந்தால் சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் பின்னாலேயே போன தலைமுறை அது.

அமெரிக்காவிலும் அப்படி ஒரு கூட்டம்

இதே பித்து கடல் தாண்டியும் இருந்தது. 1965-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற ராக் இசைக்குழு, 1995 வரை 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. ஒரே பாட்டை ஒரு நாள் ஐந்து நிமிஷமும் இன்னொரு நாள் அரை மணி நேரமும் வாசிப்பார்கள். எந்தக் கச்சேரியும் முந்தையது போல இருக்காது. வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பின்தொடர்ந்த ரசிகர்கள் அவர்களுக்கு இருந்தார்கள்.

அந்த ரசிகர்கள் செய்த ஒரு காரியம் கவனிக்க வேண்டியது. கச்சேரிகளை டேப்பில் பதிவு செய்து தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். குழுவும் தடுக்கவில்லை. 1984 முதல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியின் பதிவு அப்படிக் கைமாறிக் கைமாறிப் புகழ்பெற்றது. இன்று அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டியவை என்று தேர்ந்தெடுத்த ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

நம் பக்கம் அந்த 1977-ல் கூத்துக் களத்தில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்த ராத்திரிகள் கேட்டவர்களின் மனசில் மட்டுமே பதிவாகின.

பார்த்தவர் பேசினால்...

பார்த்ததைப் பேசுவது வெறும் பழங்கதை இல்லை. அதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. எழுத்தாளர் ந.முத்துசாமி, செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தின் நடேசத் தம்பிரான் ஆடிய கூத்தைப் பார்த்து அசந்துபோனார். பார்த்ததோடு நிற்கவில்லை, அதைப் பற்றிப் பேசினார், எழுதினார். தமிழின் நவீன நாடகத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று வாதாடினார். 1977-ல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை, பின்னாளில் தமிழ் சினிமாவுக்கும் பல நடிகர்களைக் கொடுத்தது. 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இவ்வளவுக்கும் விதை, ஒரு ரசிகர் தான் பார்த்த கூத்தை மறக்காமல் இருந்ததுதான்.

போனில் வராத சங்கதி

இன்று நிலைமை வேறு. முழு ராத்திரிக் கூத்தும் யூடியூப்பில் கிடைக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் பிள்ளையும் சொந்த ஊர்க் கூத்தை அங்கிருந்தே பார்க்க முடிகிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் கேமரா பார்ப்பது மேடையை மட்டும். திரௌபதியின் துகிலை உரியும்போது கூட்டத்தில் யாருக்குச் சாமி வந்தது, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் முன்னால் திரௌபதி கூந்தல் முடிந்தபோது யார் வாய்விட்டு அழுதார்கள், பாட்டில் உருகிப்போய் யார் மடியிலிருந்த கடைசி ரூபாயையும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்? இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

போன் வருவதற்கு முன்பு ஆடி முடித்தவர்களின் கதை இன்னும் கஷ்டம். அவர்கள் பாடிய விதம், எடுத்த சுருதி எதற்கும் பதிவு இல்லை. முகவீணை வாசிப்பவர்களே இன்று அரிதாகிவிட்டார்கள். அந்த வாத்தியம் அழைத்து எழுந்து ஓடிய காதுகள் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டன. ஒரு பெரியவர் போகும்போது, அவர் கேட்ட நூறு ராத்திரிகளும் அவரோடு போய்விடுகின்றன.

இன்றைக்கே கேளுங்கள்

பங்குனியில் தொடங்கி ஆடி வரை எங்காவது ஓர் ஊரில் கூத்து இருக்கும். இந்த முறை ஊருக்குப் போகும்போது தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். மறுநாள் சாவகாசமாக அவர்களோடு உட்கார்ந்து, போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு இவற்றைக் கேளுங்கள்:

• முதன்முதலில் பார்த்த கூத்து எது? யார் கூட்டிப் போனார்கள்?

• மறக்க முடியாத வேஷக்காரர் யார்? எந்த ஊர் ஜமா?

• எந்தப் பாட்டுக்குக் கண் கலங்கியது? அதை இப்போது பாடிக் காட்ட முடியுமா?

• கட்டியங்காரன் சொன்ன எந்த நக்கல் இன்னும் நினைவில் இருக்கிறது?

• மழை வந்தோ, சண்டை வந்தோ கூத்து நின்ற ராத்திரி உண்டா?

பாடிக் காட்டச் சொல்லும் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதலில் ‘எனக்கென்ன தெரியும்?’ என்பார்கள். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் மெல்ல ஓர் அடி வரும், கை தானாகத் தாளம் போடும். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கலைஞர் பாடியதில் மிச்சமிருப்பது ஒருவேளை அந்த ஓர் அடியாகவே இருக்கலாம்.