சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி

நாம் நாளும் தேநீரில் கரைக்கும் சீனியின் பெரும்பகுதி கப்பலில் வருவது. பெல்வத்தையிலும் செவனகலவிலும் கரும்பாலைகள் இருந்தாலும் அவை நாட்டின் தேவையில் சிறுபங்கையே நிறைவு செய்கின்றன. காணியையும் தோட்டத்தையும் விட்டு வந்து கூலி வேலையில் சீவிக்கும் குடும்பத்துக்கு இது ஓயாத செலவு. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் வடக்கில் சீனி அரிதாகியபோது, எம்மவர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே வெறுந்தேநீர் குடித்தனர். சீனி மலிந்ததும் அதை ஆடிக்கூழுக்கு மட்டும் தேடும் பொருளாக்கிவிட்டோம்.

பனங்கட்டி கருப்பநீரிலிருந்து வருகிறது. பாளையைத் தட்டிப் பதப்படுத்திச் சீவினால் ஆண்பனை, பெண்பனை இரண்டுமே நீர் சுரக்கும். முட்டியை வெறுமனே கட்டினால் காற்றிலுள்ள நொதியம் சேர்ந்து சில மணி நேரத்திலேயே நீர் புளித்துக் கள்ளாகும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் நொதியம் பெருகாது. இனிப்பு அப்படியே நிற்கும். கள்ளுக்கும் கருப்பநீருக்கும் இடையில் இருப்பது இந்தச் சுண்ணாம்பு மட்டுமே.

ஆனால் அளவு முக்கியம். சுண்ணாம்பு குறைந்தால் நீர் புளிக்கத் தொடங்கி, எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாமல் பிசுபிசுத்த பாணியாகவே நிற்கும். கூடினால் கட்டி கறுத்து நாக்கில் காரும். பழகிய சீவல் தொழிலாளி இதைக் கைக்கணக்கில் அறிவார். அவரிடம் கேட்டுப் பழகுவதே நல்லது. இறக்கிய நீரைத் துணியில் வடித்து, சற்றுச் சூடாக்கி ஆறவிட்டால் மிச்சச் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சவேண்டும். பொங்கி வழியாதிருக்கச் சிறிது தேங்காய்ப்பூ போடலாம். பாகு தடித்தபின் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு துளியைப் பச்சைத்தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கையில் உருட்டக்கூடியதாக வந்தால் இறக்கிக் குட்டான்களில் ஊற்றலாம்.

ஒரு கிலோ பனங்கட்டிக்கு 8 முதல் 10 லீற்றர் கருப்பநீர் வேண்டும். மீதி முழுவதும் ஆவியாகப் போகும் தண்ணீர். எனவே இத்தொழிலில் இலாபத்தைத் தின்பது விறகுதான். விறகைக் காசுக்கு வாங்கிக் காய்ச்சினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. காவோலை, மட்டை, பன்னாடை, ஊமல் ஆகியவற்றை முன்கூட்டியே பொறுக்கிக் காயவைத்து, காற்றுப் படாத மறைப்பு அடுப்பில் எரிக்கவேண்டும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே தாச்சியில் காய்ச்சினால் எரிபொருளும் உழைப்பும் மிச்சம்.

மரம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. காணிக்காரரிடம் பருவக் குத்தகைக்கு மரம் எடுக்கலாம். ஏறுவதற்கு ஆள் இல்லையென்றால், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளரிடம் கருப்பநீராகவே வாங்கிக் காய்ச்சலாம். பழக்கமில்லாத இளைஞரைக் காசுக்காக மரத்தில் ஏற்றவேண்டாம். விழுந்தவர் எழும்புவது அரிது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பனங்கட்டி நீரிழிவுக்காரருக்குத் தீங்கில்லை என்று சந்தையில் சொல்லி விற்கிறார்கள். அது சரியல்ல. தீட்டிய சீனியில் இல்லாத கனிப்பொருட்கள் சிறிதளவு இதில் இருப்பது உண்மை. ஆயினும் இதன் பெரும்பகுதி கரும்புச்சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். இரத்தத்தில் சீனி கூடியவர் இதையும் குறைக்கவே வேண்டும். சீனிப்பாகு கலந்த கட்டியும் விலைப்படுகிறது. ஆகவே தெரிந்த கையில் வாங்குங்கள்.

மாரிக்குப் பனங்கட்டி ஈரத்தை இழுத்துக் கசியும். குட்டானோடு அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிடுவது பழைய முறை. இறுக்கமாக மூடிய தகரப்பேணியும் போதும்.

போர்க்காலத்தில் காவலரண்களுக்கென்று தறிக்கப்பட்ட பனைகள் கணக்கிலடங்கா. விதையிலிருந்து பாளை வர 15 ஆண்டுகளாவது செல்லும் என்பதால், இரவல் காணியில் இருப்பவருக்கு நட மனம் வராது என்பது எமக்குத் தெரியும். வேலியோரத்திலாவது, காணிக்காரரின் சம்மதத்தோடு, புரட்டாதிக்குள் விதையை நேரே நிலத்தில் ஊன்றுங்கள். வேர் ஆழமாக இறங்குவதால் பின்னர் பிடுங்கி நடுவது சரிவராது. நிற்கும் மரத்தை விறகுக்கோ வளைக்கோ தறிக்க யாராவது வந்தால், பிரதேச செயலாளரின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டும்படி கேளுங்கள்.