சொல்வதா, வேண்டாமா? அவசரம் வேண்டாம்

கடைசியில்தான் வருகிறார்கள்

பிள்ளை தன்பாலீர்ப்பாளர் அல்லது திருநர் என்ற விஷயம், வரன் பார்க்கத் தொடங்கியதும்தான் பெரும்பாலான வீடுகளில் வெடிக்கிறது. மனநல மருத்துவரான என்னிடம் அந்தக் குடும்பம் வந்து சேர்வதற்குள் கோடாங்கி பார்த்தாயிற்று, மந்திரித்த கயிறு கட்டியாயிற்று, லாட்ஜில் அறையெடுத்து உட்கார்ந்திருக்கும் 'பரம்பரை வைத்திய'ரிடம் லேகியமும் வாங்கியாயிற்று. பிள்ளையோ மாதக்கணக்கில் தூங்கியிருக்காது. தற்கொலைக்கு முயன்ற பிறகே அழைத்து வரப்படுபவர்களும் உண்டு.

"மாத்திரை குடுத்து மாத்திடுங்க டாக்டர்"

அப்படி ஒரு மாத்திரை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990லேயே நீக்கிவிட்டது. 2019ல் ஏற்கப்பட்ட புதிய பட்டியலில், திருநராக இருப்பதும் மனநோய் இல்லை. செல்போன் கெடுத்தது, சேர்க்கை சரியில்லை, அம்மா செல்லம் கொடுத்துவிட்டாள்: எதுவுமே காரணமில்லை. ஆண் ஹார்மோன் ஊசி போட்டாலும் ஒருவருக்கு யார்மேல் ஈர்ப்பு என்பது மாறாது.

'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. ஒருவர் வாழ்க்கையோடு, ஒன்றும் அறியாத இன்னொருவர் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகிறது.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து தஞ்சமடைந்த இரு இளம்பெண்களின் வழக்கில், இப்படி 'மாற்றும்' சிகிச்சைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021ல் தடை செய்தது. மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. தீர்ப்பு எழுதுவதற்கு முன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷே ஓர் உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்கு வராத கௌரவக் குறைச்சல் நமக்கு மட்டும் வந்துவிடுமா?

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

வீட்டில் சொல்ல முடியாத திருநங்கைப் பிள்ளைகள் சிலர், தோழி சொன்னாள், யூடியூபில் பார்த்தேன் என்று கருத்தடை மாத்திரைகளைக் கணக்கில்லாமல் விழுங்குகிறார்கள். கெண்டைக்கால் வீங்கி வலிக்கும். அங்கே உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிரே போகும். திருநம்பிகள் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் ஊசியில் ரத்தம் கெட்டிப்படும். எத்தனை முறைதான் சொல்வது? ஊரிடம் மறையுங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். நீங்கள் சொன்னதை ரகசியமாக வைத்திருக்க மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 எங்களைக் கட்டாயப்படுத்துகிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.



வாய் திறக்கும் முன்

சொல்லியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சொல்லாதவர் கோழையும் இல்லை. படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டையே நம்பியிருப்பவர், விரட்டிவிட்டால் எங்கே தங்குவது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். சான்றிதழ்களும் ஆதாரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சித்தியோ அக்காவோ, நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். சண்டைக்கு நடுவில் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேண்டவே வேண்டாம். நண்பர்களே, ஆசிரியர்களே, அவர்களுக்காக நீங்கள் முந்திக்கொண்டு வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அதன் விளைவு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறது. சாகத் தோன்றினால் உடனே 104 அல்லது 14416க்குப் பேசுங்கள்.

பெற்றோருக்கு

பிள்ளை சொன்ன அன்றே ஏற்றுக்கொள்ள உங்களால் முடியாமல் போகலாம். அழுங்கள், கோபப்படுங்கள், என்னிடம் வந்து என்னையே திட்டுங்கள். ஆனால் போனைப் பிடுங்காதீர்கள், காலேஜை நிறுத்தாதீர்கள், தரகரைக் கூப்பிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வீட்டை விட்டு மட்டும் துரத்திவிடாதீர்கள்.